வன்னியில் வீடு தேடி வருகிற உளநலப் பணியாளருக்கு யார் சம்பளம் கொடுப்பது?

2013 ஆம் ஆண்டு, பங்குனி மாதத்தின் கடைசிக் கிழமை. கிளிநொச்சி தருமபுரத்துக்கு உள்ளே ஒரு தகரக் கொட்டில் வீட்டின் முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். அந்த வீட்டுக்கு அது என்னுடைய பதினேழாவது தரிசிப்பு. அங்கிருந்த அம்மா 2009 இல் மூத்த மகனைத் தவறவிட்டவர். முதல் ஐந்து தடவையும் அவர் என்னோடு கதைக்கவில்லை, கூட்டிய முற்றத்தையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தார். ஆறாவது தடவை தேத்தண்ணி தந்தார். பத்தாவது தடவைதான் மகனின் பெயரைச் சொன்னார். அதற்குப் பிறகு இரவில் கொஞ்சம் நித்திரை வருகிறது என்றார், கிளினிக்குக்கும் போகத் தொடங்கினார்.

பதினேழாவது தடவை நான் புறப்படும்போது கேட்டார்: "அடுத்த கிழமையும் வருவியளோ பிள்ளை?"

"பாப்பம் அம்மா" என்றேன். திட்டம் அந்தக் கிழமையோடு முடிகிறது என்று எனக்குத் தெரியும். அலுவலகத்தில் மேசை கதிரைகளை எண்ணி எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

நான்கு வருடம் கழித்து, 2017 மாசியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் தொடர் போராட்டம் தொடங்கியிருந்த நாட்களில், அந்தக் கொட்டகைக்குள் அவரைக் கண்டேன். மடியில் மகனின் படம். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். கோபமெதுவும் இல்லாமல் சொன்னார்: "நீங்களும் காணாமப் போட்டியள் எண்டுதான் நினைச்சனான்."

என்னை அந்த முற்றத்துக்கு அனுப்பிய காசு எங்கிருந்து வந்தது, ஏன் நின்றது, நின்ற இடத்தை அரசாங்கக் காசு ஏன் எடுக்கவில்லை என்பதை எனக்கு விளங்கிய அளவில் இங்கே எழுதப் பார்க்கிறேன். நான் மருத்துவரும் இல்லை, கணக்காளரும் இல்லை. பத்து வருடத்துக்கு மேல் வெவ்வேறு பெயர்களில் "உளசமூகப் பணியாளர்" என்ற ஒரே வேலையைச் செய்தவள். அந்தக் காலத்தில் என் கையில் இருந்த நியமனக் கடிதங்கள் எதுவும் பதினெட்டு மாதத்துக்கு மேற்பட்டதாக இருந்ததில்லை.

முதலில் அந்த வேலை என்ன என்பதைச் சொல்லவேண்டும். சமுதாய உளநல சேவை என்றால் பலருக்கு வைத்தியசாலையில் இருக்கும் மனநலப் பிரிவுதான் நினைவுக்கு வரும். இன்னும் பலருக்கு அதுவும் வராது, "விசர் ஆஸ்பத்திரி" என்ற சொல்தான் வரும். எங்கள் அம்மம்மா காலத்தில் யாழ்ப்பாணப் பக்கம் யாராவது கொஞ்சம் குழப்பமாகக் கதைத்தால் "மந்திகைக்கு அனுப்பவேணும்" என்று பகிடி பண்ணுவார்கள், மனநல விடுதி வடமராட்சி மந்திகையில் இருந்ததால். இப்போது அது தெல்லிப்பழைக்கு மாறிவிட்டது, பகிடி மாறவில்லை.

வன்னியில் கஷ்டப்படுகிற சனம் தங்கள் வருத்தத்துக்கு மனச்சோர்வு என்றோ பதகளிப்பு என்றோ பெயர் வைப்பதில்லை. "ஒரே யோசினை", "நெஞ்சு படபடக்குது", "தலையிடி போகுதில்லை", "உடம்பெல்லாம் உளையுது" என்பார்கள். இதோடு வெளிநோயாளர் பிரிவுக்குப் போனால் பரசிற்றமோல் கிடைக்கும். அதில் பிழை சொல்ல முடியாது. அந்த வரிசையில் நூறு பேர் நிற்பார்கள், மருத்துவர் ஒருவர் இருப்பார்.

சமுதாய சேவை அந்த வரிசைக்கு வெளியே நடப்பது. மாதம் ஒருமுறை ஊசி போடவேண்டியவர் கிளினிக்குக்கு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று போய்ப் பார்ப்பது. பஸ்ஸுக்குக் காசில்லையா, குளிசை போட்டால் நாள் முழுக்கத் தூக்கம் வருகிறது என்று விட்டுவிட்டாரா, சாத்திரியார் நிறுத்தச் சொன்னாரா என்று கேட்பது. கணவன் குடித்துவிட்டு அடிக்கிற வீட்டில் மனைவிக்கு மட்டும் குளிசை கொடுத்துப் பயனில்லை என்பதைக் கண்டு பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் சொல்வது. அஸ்வெசும கொடுப்பனவு கிடைக்காமல் போனவருக்கு முறையீட்டுப் படிவம் நிரப்பிக் கொடுப்பது. இவை எல்லாவற்றுக்கும் நடுவில், ஒன்றும் செய்யாமல் ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருப்பது. இந்தக் கடைசி வேலையைத்தான் அறிக்கையில் எழுதுவதற்குக் கட்டம் இருக்காது.

தேவை எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. போர் முடிந்த கையோடு, 2009 ஆடி முதல் புரட்டாதி வரை, யாழ். மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடந்தது. 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. மொத்தமாக 7 வீதத்தினருக்கு நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோயின் அறிகுறிகளும், 32.6 வீதத்தினருக்குப் பதகளிப்பும், 22.2 வீதத்தினருக்கு மனச்சோர்வும் இருந்தன. அந்த நேரம் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது இவை முறையே 13, 48.5, 41.8 வீதமாக ஏறின. அது யாழ்ப்பாணத்தில் எடுத்த கணக்கு. முள்ளிவாய்க்கால் வரை நடந்த சனம் அப்போது பெரும்பாலும் செட்டிகுளம் மெனிக் பாம் முட்கம்பிக்குள் இருந்தது.

2019 இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் லான்செற் இதழில் இன்னொரு கணக்கை வெளியிட்டார்கள். முந்திய பத்து வருடத்துக்குள் போரைக் கண்ட சமூகங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு (22.1 வீதம்) ஏதாவதொரு உளநோய் இருக்கிறது, 5.1 வீதத்தினருக்கு அது கடுமையானது என்கிறது அது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்று மாவட்டங்களிலும் சேர்த்து ஏறத்தாழ மூன்று இலட்சத்து எழுபத்தெட்டாயிரம் பேர். அந்த 5.1 வீதத்தை இதோடு பெருக்கினால் பத்தொன்பதாயிரத்துக்கு மேல் வருகிறது. பருமட்டான கணக்குத்தான். சிறுபிள்ளைகளும் இதற்குள் வருகிறார்கள், பத்து வருட எல்லையையும் நாங்கள் தாண்டிவிட்டோம். அதனால் பாதியாகக் குறையுங்கள். ஒன்பதாயிரத்துக்கு மேல் ஆட்கள். அத்தனை பேரையும் வாரத்தில் ஓரிரு நாள் நடக்கும் கிளினிக் தாங்குமா?

சரி, அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லையா? அப்படிச் சொன்னால் அது அநியாயம். 2005 ஐப்பசியில் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட தேசிய உளநலக் கொள்கை, சுனாமிக்குப் பிறகு வந்தது. கொழும்பு அங்கொடையைச் சுற்றியே இருந்த சேவையை மாவட்டங்களுக்குப் பரப்பவேண்டும், ஒவ்வொரு மாவட்டத்திலும் விடுதி வேண்டும், வீட்டோடு சேர்ந்த பராமரிப்பு வேண்டும் என்று அது சொன்னது. நல்ல கொள்கை. அதன் வழியாக இன்று எங்களிடம் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. உளநல மருத்துவ உத்தியோகத்தர்கள் கிராமப்புற வைத்தியசாலைகளுக்குக் கிளினிக் நடத்தப் போகிறார்கள். மருந்து இலவசம். இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய வன்னியோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம்.

2009 இல் மெனிக் பாமில் நடந்ததையும் சொல்லவேண்டும். வவுனியாவில் அப்போது பணியாற்றிய மனநல மருத்துவ நிபுணர் எஸ். சிவதாஸ் போன்றவர்கள் முகாமுக்குள் இருந்த ஆட்களையே தெரிந்து, கேட்கவும் கவனிக்கவும் பயிற்றினார்கள். எனக்கு முதற்பயிற்சி கிடைத்ததும் அந்தக் கூடாரங்களுக்கு நடுவில்தான். பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010 இல் வன்னி மக்களைப் பற்றி எழுதிய ஆய்வில் இதைக் கூட்டு மனவடு என்றார். தனி ஆளின் மனம் மட்டும் உடைந்திருக்கவில்லை, நம்பிக்கை, அயல், குடும்பம் என்ற தொடுப்புகளும் அறுந்து கிடந்தன என்பது அவர் சொன்னதன் சாரம். அதை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை. எங்கள் கூடாரத்துக்குப் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர்கள் எங்கள் ஊர்க்காரர். ஆனாலும் மூன்று மாதம் ஒருவரோடொருவர் கதைக்கப் பயந்துகொண்டிருந்தோம்.

பிறகு மீள்குடியேற்றம். இந்தக் கட்டத்தில் நடந்ததை இளையவர்கள் பலர் அறியமாட்டார்கள். வடக்கில் எந்த நிறுவனம் என்ன வேலை செய்வது என்பதற்கு ஜனாதிபதி செயலணியின் அனுமதி வேண்டியிருந்தது. வீடு, கிணறு, மலசலகூடம் என்றால் அனுமதி வரும். "உளசமூகம்" என்ற சொல் இருந்தால் கோப்பு திரும்பி வரும். சனம் தாங்கள் கண்டதைச் சொல்லத் தொடங்கிவிடுமோ என்ற பயம் அதற்குள் இருந்தது என்பதே களத்தில் இருந்த எங்கள் எல்லோரதும் எண்ணம். அதனால் நாங்கள் தையல் பயிற்சி என்றும் வீட்டுத்தோட்டம் என்றும் பெயர் போட்டு உள்ளே போனோம். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்து அழுத பெண்களின் கதையை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கத்தரிக்கன்றுக் கணக்கு மட்டும் துல்லியமாக இருந்தது.

இப்படி, ஆட்கள் மிக மோசமாக இருந்த முதல் மூன்று நான்கு வருடத்தில், வெளிநாட்டுக் காசு வரத் தயாராக இருந்தபோது கதவு பூட்டியிருந்தது. கதவு மெல்லத் திறந்தபோது காசு வேறு நாடுகளுக்குப் போகத் தொடங்கிவிட்டது. போருக்குப் பின் முல்லைத்தீவில் உளநலப் பணியும் செய்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2012 இல் இலங்கையிலிருந்தே விடைபெற்றது. அவர்களைக் குறை சொல்லவில்லை. அவசரகாலத்துக்கு வருகிறவர்கள் அவசரம் முடிந்ததும் போவார்கள். அவர்கள் போகும்போது வேலையை ஏற்றுக்கொள்ள ஓர் ஆளணி இருக்கவேண்டும். அது இருக்கவில்லை.

ஆளணி. இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது, அதனால் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் மாவட்டங்களின் அரச வைத்தியசாலைகளும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் பெரும்பாலும் மாகாண சபையின் கீழ் வருகின்றன. மாகாணத்துக்குச் சொந்த வருமானம் சொற்பம், பெரும்பகுதி கொழும்புத் திறைசேரியிலிருந்து நிதி ஆணைக்குழுவின் சிபாரிசோடு வருகிறது. அந்தக் காசு இரண்டு பெரிய வாய்க்கால்களால் ஓடுகிறது. ஒன்று மீண்டெழும் செலவுக்கான தொகுதிக் கொடை: சம்பளம், மின்சாரம், எரிபொருள், அன்றாடச் செலவு. மற்றது அபிவிருத்திக்கான கொடைகள்: கட்டடம், உபகரணம், வாகனம்.

தொகுதிக் கொடையில் மிகப்பெரிய பங்கு சம்பளம். சம்பளம் எத்தனை பேருக்கு என்பது மாகாணம் நினைத்தபடி கூட்டக்கூடிய எண் இல்லை. ஒவ்வொரு பதவிக்கும் இத்தனை பேர் என்று அங்கீகரிக்கப்பட்ட ஆளணி இருக்கவேண்டும், அதற்குத் திறைசேரியின் கீழ் இருக்கும் முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் சம்மதம் வேண்டும். மருத்துவருக்கு ஆளணி உண்டு. தாதிக்கு உண்டு. குடும்பநல உத்தியோகத்தருக்கு உண்டு. வீடு வீடாகப் போகிற உளசமூகப் பணியாளருக்கு, எங்கள் பக்கத்தில் நான் வேலை செய்த காலம் முழுவதும், அப்படி ஓர் உறுதியான இருக்கை இருக்கவில்லை. சில இடங்களில் தொண்டர், சில இடங்களில் ஒப்பந்தம், சில இடங்களில் திட்ட உதவியாளர். வடக்கில் சுகாதாரத் தொண்டர்கள் நிரந்தர நியமனம் கேட்டு வெயிலில் இருந்த போராட்டங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குள் இருந்ததும் இதே கதைதான்.

பதவி இல்லாவிட்டால் சம்பளத் தலைப்பு இல்லை. சம்பளத் தலைப்பு இல்லாவிட்டால் அடுத்த வருட மதிப்பீட்டில் கேட்பதற்கு இடமில்லை. கேட்கவில்லையென்றால் தேவை இல்லை என்று அர்த்தம். ஒரு மாவட்ட அதிகாரி மிக நல்லவராக இருந்தாலும், எங்கள் வேலையின் பெறுமதி அவருக்குத் தெரிந்திருந்தாலும், அவரால் செய்யக்கூடியது ஒரு சிபாரிசுக் கடிதம்தான். அப்படி இரண்டு கடிதம் என்னிடம் இருக்கிறது, பிளாஸ்ரிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

கட்டடத்துக்கு இந்தச் சிக்கல் குறைவு. கட்டடம் ஒருமுறைச் செலவு. நன்கொடையாளர் நாட்டுக்கும் பிடிக்கும், நாடா வெட்டலாம், பெயர்ப்பலகை வைக்கலாம். நெதர்லாந்து நிதியுதவியோடு கட்டப்பட்ட பெரிய மருத்துவப் பிரிவுகள் கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா போன்ற இடங்களில் 2024 இல் திறக்கப்பட்டன. மாங்குளத்தில் புனர்வாழ்வு மருத்துவத்துக்கு இடம் வந்திருக்கிறது. கால் இழந்தவர்களும் முதுகெலும்பு பாதிக்கப்பட்டவர்களும் உள்ள மண்ணில் இது பெரிய காரியம், நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் கட்டடம் வீட்டுக்கு வராது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஏ-34 வீதியில் ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர். அந்த வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒவ்வொரு மண் ஒழுங்கையிலும் கிளினிக்கைத் தவறவிட்ட ஒருவர் இருப்பார்.

பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரே என்று கேட்பீர்கள். இருக்கிறார், பலர் திறமையானவர்கள். ஆனால் அவர் வேறோர் அமைச்சின் ஆள். பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் கல்வி அமைச்சின் ஆள். வைத்தியசாலை சுகாதாரத்தின் ஆள். ஒரே வீட்டில் தகப்பனுக்குச் சுகாதாரத்தின் கொப்பி, தாய்க்குப் பிரதேச செயலகத்தின் கொப்பி, இடைவிலகிய பிள்ளைக்குப் பாடசாலையின் கொப்பி. மூன்று கொப்பியும் ஒரு மேசைக்கு வருவது அந்த மூன்று பேரில் ஒருவருக்கு மற்றவரின் கைபேசி இலக்கம் தெரிந்திருந்தால்தான்.

2022 இல் பொருளாதாரம் விழுந்தபோது இது எல்லாம் வெளியே தெரிந்தது. பெற்றோல் இல்லை, அதனால் வீட்டுத் தரிசிப்பு இல்லை. சில மருந்துகள் இல்லை, வெளியே வாங்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மருத்துவர்கள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். அரச சேவைக்குப் புதிய ஆட்சேர்ப்பு இறுக்கப்பட்டது. சர்வதேச நாணய நிதியத்தின் 2023 உடன்படிக்கைக்குப் பிறகு செலவுக் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. புதிய ஆளணி கேட்பதற்கு இதைவிடக் கெட்ட காலம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் கேட்கிறேன் என்றால், தொகையைப் பாருங்கள்.

கிளிநொச்சியில் நான்கு, முல்லைத்தீவில் ஆறு, வவுனியாவில் நான்கு: மூன்று மாவட்டங்களிலும் பதினான்கு பிரதேச செயலகப் பிரிவுகள். ஒரு பிரிவுக்கு இரண்டு பணியாளர் என்று வைத்தால் இருபத்தெட்டுப் பேர். ஆளுக்கு மாதம் அறுபதாயிரம் ரூபா செலவு என்று நான் ஒரு பேச்சுக்கு வைக்கிறேன். வருடத்துக்கு இரண்டு கோடியே ஒரு இலட்சத்து அறுபதாயிரம் ரூபா. 2025 வரவு செலவுத் திட்டத்தில் முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்துக்கு அறிவித்த தொகை நூறு கோடி. அந்தப் பாலம் கட்டாயம் வேண்டும். 2009 வைகாசியில் அதைக் கடந்து வந்தவர்களில் நானும் ஒருத்தி, அதன் நிலை எனக்குத் தெரியும். நான் சொல்வது அளவைப் பற்றி மட்டும்: பாலத்துக்கான அந்த ஒரு ஒதுக்கீட்டின் ஐம்பதில் ஒரு பங்கு, வன்னி முழுவதற்கும் ஒரு வருடச் சம்பளம்.

உலகம் முழுக்கவே உளநலத்துக்குக் காசு குறைவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அரசாங்கங்கள் சராசரியாகத் தங்கள் சுகாதாரச் செலவில் 2 வீதமளவையே இதற்குக் கொடுக்கின்றன. நடுத்தர வருமான நாடுகளில் அந்தச் சிறு தொகையிலும் பெரும்பங்கு பெரிய மனநோய் வைத்தியசாலைகளுக்குப் போய்விடுகிறது. ஆனால் ஏழை நாடொன்று வேறு வழி கண்டதும் உண்டு. சிம்பாப்வேயின் ஹராரே நகரில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006 இல் தொடங்கிய வேலை அது. கிளினிக் முற்றத்தில் ஒரு மரவாங்கு, அதில் ஒரு பாட்டி. பயிற்சி பெற்ற அந்தப் பாட்டி, வருகிறவரின் சிக்கலை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்பார். அவர்கள் மொழியில் அந்த வருத்தத்தின் பெயரே "அதிகம் யோசித்தல்". எங்கள் "யோசினை"யேதான். 2016 இல் வெளிவந்த ஆய்வு, வழமையான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களைவிட வாங்கில் இருந்து கதைத்தவர்களுக்கு நோய்க்குறிகள் நன்றாகக் குறைந்ததைக் காட்டியது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பாட்டிகளின் அன்பைப் பற்றித்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்தப் பாட்டிகள் ஏற்கெனவே நகர சுகாதாரப் பகுதியின் ஊழியர்கள். புதிய திட்டம் வந்தபோது அவர்களுக்குச் சம்பளப் பட்டியலில் இடம் இருந்தது.

எங்கள் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1995 இல் உலகிலேயே மிக அதிகமாகத் தற்கொலை நடந்த நாடுகளில் இலங்கை ஒன்று, ஒரு இலட்சம் பேருக்கு 47. மிக நச்சான பூச்சிநாசினிகளை 1995 இலிருந்து படிப்படியாகத் தடைசெய்ததும் அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. கமக்காரனின் துயரம் ஒரே நாளில் தீரவில்லை, ஆனால் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த சாவு தள்ளிப் போனது. அரசாங்கம் முடிவெடுத்தால் முடியும்.

இனி எங்கள் ஆட்களிடமிருந்தே வரும் மறுப்புக்கு வருகிறேன். இதை லேசாகத் தாண்டிப் போக முடியாது. கொட்டகையில் இருந்த அம்மாக்கள் பலர் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள்: "எங்களுக்குக் கவுன்சிலிங் வேண்டாம், பிள்ளை எங்கே எண்டு சொல்லட்டும்." அவர்கள் சொல்வது சரி. நடந்ததைச் சொல்லாமல், பொறுப்பை ஏற்காமல், "உங்களுக்கு மனவருத்தம், குளிசை போடுங்கோ" என்று ஓர் அரசாங்கம் சொன்னால் அது அவமதிப்பு. 2018 ஆம் ஆண்டு 34 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த இழப்பீட்டு அலுவலகத்தின் வேலைகளில் உளசமூக ஆதரவும் ஒன்று. சனம் அதைச் சந்தேகத்தோடு பார்ப்பதும் இதனால்தான்: விசாரணைக்குப் பதிலாக ஆறுதலைத் தருகிறார்களோ?

என் அனுபவத்தில் இரண்டும் ஒன்றையொன்று தள்ளவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு இழப்பு முடிவதில்லை. செத்தவீடும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை, ஆண்டுத்திவசமும் இல்லை. உளவியலில் இதைத் தெளிவற்ற இழப்பு என்கிறார்கள். இதற்கு மருந்து உண்மைதான், அதை மருத்துவர் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் அந்த உண்மைக்காக வருடக்கணக்கில் கொட்டகையில் இருக்க ஒருவருக்கு நித்திரை வேண்டும், நீரிழிவு மருந்து வேண்டும், வீட்டில் இருக்கிற மற்றப் பிள்ளையோடு கதைக்கத் தெம்பு வேண்டும். அந்த அம்மாக்களில் பலர் பதில் தெரியாமலேயே இறந்துபோனார்கள். நான் தரிசித்த வீடுகளில் நான்கு பேர்.

ஆகவே நான் கேட்பது அரசாங்கத்தின் ஆறுதல் வார்த்தையை இல்லை. ஒரு வரியை. அங்கீகரிக்கப்பட்ட ஆளணிப் பட்டியலில் ஒரு பதவிப் பெயர், அதற்கு நேரே ஒரு எண்.

இதை எங்கே கேட்பது என்பதும் பலருக்குத் தெரியாது. வட மாகாண சபையின் காலம் 2018 ஐப்பசியில் முடிந்தது. அதற்குப் பிறகு வந்த வருடங்களில் தேர்தல் நடக்காததால், கேட்கவேண்டிய கதிரைகள் வெறுமையாக, ஆளுநரும் செயலாளர்களும்தான் முடிவெடுத்தார்கள். மிஞ்சியிருப்பது மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம். நாடாளுமன்ற உறுப்பினர்கள் அங்கே மணல் அகழ்வையும் வீதியையும் பற்றிச் சத்தம் போடுவார்கள். உளநலத்தைப் பற்றி ஒருவர் கேட்டதை நான் இருந்த கூட்டங்களில் ஒரேயொரு தடவைதான் கேட்டேன், அதற்கு "கவனத்தில் எடுக்கப்படும்" என்று பதில் வந்தது. எங்கள் வாக்குக் கேட்டு வருகிறவரிடம் "எங்கட பிரிவுக்கு எத்தனை உளசமூகப் பணியாளர்? நிரந்தரமா, ஒப்பந்தமா? சம்பளம் எந்தத் தலைப்பில?" என்று கேட்கலாம். கேட்டால் அவர் தேடிப் பார்க்கவேண்டி வரும்.

மற்றது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கம். எந்தப் பிரசையும் விண்ணப்பிக்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். நான் இப்போது எந்த நிறுவனத்திலும் இல்லை, தையல்தான் செய்கிறேன் (அந்தப் பழைய திட்டத்தில் பெண்களுக்குப் பழக்கும்போது நானும் பழகிக்கொண்டேன்). போன கிழமை மூன்று மாவட்டத்துக்கும் மூன்று விண்ணப்பம் எழுதினேன். முதலாவது கேள்வி: சமுதாய உளநலப் பணிக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை? இரண்டாவது: கடந்த ஐந்து வருடத்தில் மாகாணக் கொடையிலிருந்து இதற்குச் செலவான தொகை வருடவாரியாக எவ்வளவு, வெளிநாட்டுத் திட்டங்களிலிருந்து எவ்வளவு? மூன்றாவது: வீட்டுத் தரிசிப்புக்கு ஒதுக்கிய எரிபொருள் மாதம் எத்தனை லீற்றர்?

நாலாவதாக இன்னொன்றும் எழுதினேன்: திட்டங்கள் முடிந்தபோது தரிசிப்பு நிறுத்தப்பட்ட வீடுகள் எத்தனை? அப்படி ஒரு பதிவேடு இருக்காது என்று தெரியும். வெட்டிவிடலாமா என்று பேனையைக் கொண்டுபோய்விட்டு, அப்படியே விட்டுத் தபாலில் போட்டேன்.